கத்தி பிடித்த கைக்குக் களப் பயிற்சி வேண்டும்

(கிளைக் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

சம்பளம் பேசும் மேடையில் இன்று பயிற்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டும் வயிற்றைத் தொட்ட விஷயங்களே.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. மலேசியாவின் ரப்பர் நிலத்தில் மிகப் பெரும் பகுதி இன்று சிறுதோட்டக்காரர் கையில் இருக்கிறது. நம்மிலும் சேமிப்பைப் போட்டு இரண்டு மூன்று ஏக்கர் வாங்கியவர்கள் உண்டு. பிறர் நிலத்தில் பங்குக்கு வெட்டுகிறவர்களும் உண்டு. கிழ மரத்தை வெட்டிச் சாய்த்துப் புதுக் கன்று நட்டால், பால் காண ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பு எதைக் கொண்டு எரியும்?

ஊடுபயிரைக் கொண்டு எரியும். கன்று நட்ட முதல் மூன்று ஆண்டுகள் நிரைகளுக்கு நடுவே வெயில் தாராளமாக விழுகிறது. வாழை, அன்னாசி, நிலக்கடலை, மிளகாய் எல்லாம் அங்கே விளையும். நிழல் கூடிய பிறகு அவை விளையா. எனவே அந்தக் காலத்தை வீணாக்கக்கூடாது.

ஆனால் முறை தெரியாமல் நட்டால் வரவு செலவாகும். கன்றை நெருக்கி நட்டால் ஊடுபயிர் உரத்தைப் பறிக்கும். பழைய அடிக்கட்டைகளில் தங்கும் வெள்ளை வேர் நோய் மரவள்ளியையும் பிடிக்கும். அங்கிருந்து வேர் வழியே கன்றுக்குத் தாவும். இலை வெளிறி வாடும்போது பார்த்தால், வேரில் வெள்ளை நூல்கள் ஏறியிருக்கும். பயிர் வைக்காத இடத்தில் பூரேரியா போன்ற பயறுக் கொடியைப் படரவிட்டால் மண் அரிக்காது. அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அதையும் கன்றின் மேல் ஏறவிடாமல் வட்டமாக அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தோழர்களே, இதையெல்லாம் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியுமா? பால்வெட்டை நம்மில் யார் புத்தகத்தில் படித்தார்? ஒதுக்கிய மரத்தில் கத்தி பிடித்துப் பழகினோம். கட்டையைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவுவதைக் கைதான் கற்றது. கண் ஒட்டும் அப்படித்தான். பட்டையைத் திறந்து மொட்டை வைத்துக் கட்டி, மூன்று வாரம் கழித்துக் கட்டவிழ்த்து லேசாகச் சுரண்டிப் பார்க்கிறோம். பச்சையாக இருந்தால் பிடித்தது, கறுத்திருந்தால் போயிற்று. தானே பத்துக் கன்று கட்டிப் பார்த்தவனுக்குத்தான் இது வரும்.

அறிவுக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை. 1925இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைந்தது. சிறுதோட்டக்காரருக்கென 1973இல் ரிஸ்டா அமைக்கப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தவித்த காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியும் நிலத்தில் பங்காளியாகலாம் எனக் காட்டினார். நிலத்தோடு அறிவும் கைக்கு வர வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு. பயிற்சி மண்டபத்தில் அல்ல, நிரைக்குள் நடக்க வேண்டும். நமக்குப் புரியும் மொழியில், தமிழிலும் நடக்க வேண்டும். அந்த நாளுக்குக் கூலி குறையக்கூடாது. கூலி குறைந்தால் வர நினைப்பவனும் வரமாட்டான். நம்மோடு சேர்ந்து பால்வெட்டிய தாய்மார்களை ஒதுக்கக்கூடாது. கொத்தும் களையும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன.

இன்னொன்று சொல்வேன். கற்றுக்கொடுத்தவர் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வர வேண்டும். மழைக்காலத்தில் மறுபடியும் வர வேண்டும். ஒட்டு பிடித்ததா, நோய் கண்டதா என்று பார்க்காத பயிற்சி, நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றாத கன்று.

இவற்றைத் தீர்மானமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புவோம். ஆள் திரட்டுவது நம் வேலை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.