ஓர் அங்குலத்துக்கு ஒரு நூல்

பிறந்த ஊரை விட்டு அலுவல் நிமித்தம் வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு, புதிய ஊரின் மொழி எவ்வழியாக வந்து சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. சிலருக்கு அது காய்கறிக் கடையில் வரும். சிலருக்குப் பள்ளி செல்லும் குழந்தையின் வாய்வழியாக வரும். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, மாற்றலாகிப் புனே நகருக்கு வந்த நமக்கு அஃது ஓர் உளியின் வழியாக வந்தது. தச்சு வேலைக்குரிய மேசை ஒன்றை நம் கையாலேயே செய்ய முற்பட்ட கதையையும், அதன் மூலையில் வெட்டிய பெரிய புறாவால் பொருத்தின் இலக்கணத்தையும் இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். புனே, பேஷ்வாக்கள் காலத்திலிருந்தே தேக்கின் அருமை அறிந்த நகரம். 1730இல் அடிக்கல் நாட்டப்பெற்ற சனிவார் வாடாவுக்கு ஜுன்னர்க் காடுகளிலிருந்து தேக்கும், சிஞ்ச்வட்டிலிருந்து கல்லும், ஜெஜூரியிலிருந்து சுண்ணாம்பும் வந்தன என்பர். 1828இல் மூண்ட பெருந்தீ அம்மாளிகையின் மரப்பகுதிகளைப் பெரும்பாலும் உண்டுவிட்டது. ஆயினும் இரண்டாம் பாஜிராவ் காலத்து விசிராம்பாக் வாடாவில் செதுக்கு வேலை மிகுந்த தேக்குத் தூண்களை இன்றும் காணலாம். நடுவே முற்றம் விட்டுச் சுற்றிலும் அறைகள் அமைந்த வாடா, நம் ஊர் நாற்கட்டு வீட்டை நினைவூட்டும். இத்தகைய வீடுகள் பல, 1961 ஜூலையில் பான்ஷேத் அணை உடைந்து வந்த வெள்ளத்தில் வீழ்ந்தன. எஞ்சியவை ஒவ்வொன்றாக அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடம் விட்டு வருகின்றன. இடித்த வீட்டின் உத்திரங்களும் தூண்களும் விலைக்கு வருகின்றன.

அவ்வாறு வந்த தேக்கு உத்திரம் ஒன்றைப் பவானி பேட்டையிலுள்ள மரச் சந்தையில் வாங்கினோம். ஆறு அங்குலச் சதுரம், ஏழடி நீளம். ஒரு நுனியில் பழைய கழுந்து புகுந்திருந்த துளை இருந்தது. மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதி அதற்காகவே சென்றது. அறுவை மில்லில் கொடுத்து, மேசையின் முன்சட்டத்துக்கு இரண்டு அங்குலக் கனமும், கோடியில் வரும் குறுக்குச் சட்டத்துக்கு இரண்டரை அங்குலக் கனமுமாக இரு பலகைகள் அறுத்து வந்தோம். இரண்டும் ஐந்து அங்குல அகலம். துளை இருந்த நுனியை வெட்டி விலக்கி, மற்ற உறுப்புகளுக்கு அளந்து ஒதுக்கியபின், தவறு செய்தால் மாற்றிக்கொள்ள ஒரு சட்டமும் மிச்சமில்லை. காகிதத்தில் நேர்ந்த பிழையை மறுபடியில் திருத்திப் பழகிய கைகளுக்கு இது புதிய நிலைமை.

மேசை எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டுத் தச்சர், தரையில் அமர்ந்து மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நுட்பமான வேலைகளைச் செய்து முடிப்பவர். நாற்காலியிலேயே இருபது ஆண்டுகளைக் கழித்த முழங்கால்களுக்கு அந்த வித்தை கைகூடாது. நின்று வேலை செய்வதற்கான கனத்த மேசையை ஐரோப்பியத் தச்சர் வளர்த்தெடுத்தனர். பிரெஞ்சு நாட்டு ரூபோ என்பவர் 1769 முதல் 1775 வரை வெளியிட்ட தச்சு நூலில் விவரித்த மேசையின் வடிவத்தை இன்றும் உலகெங்கும் பின்பற்றுகின்றனர்.

நாம் செய்த மேசையின் வலக்கோடியில், மரத்தை இறுக்கும் திருகுப்பிடி, அதாவது வைஸ், அமைகிறது. இழைக்கவேண்டிய பலகையை மேசைமேல் கிடத்தித் திருகை இறுக்கும்போதெல்லாம், எதிர்விசை கோடியிலுள்ள குறுக்குச் சட்டத்தை வெளியே தள்ளும். ஆணியை மட்டும் நம்பினால் நாளடைவில் மூலை வாய் திறக்கும். ஆதலின், முன்சட்டத்தின் நுனியில் புறாவின் வாலைப்போல விரிந்த உறுப்புகளை வெட்டி, குறுக்குச் சட்டத்தின் பற்களை அவற்றினிடையே பூட்டுகின்றனர். நுனி அகன்றும் அடி குறுகியும் இருப்பதால், சட்டத்தின் நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் வால் பற்களை விட்டு வெளிவராது. எந்தத் திசையில் இழுப்பு வருமோ அந்தத் திசையில் ஓடும் சட்டத்திலேயே வாலை வெட்டவேண்டும் என்பது முதல் விதி.

ஆங்கிலேயர் இதனைப் புறாவின் வால் என்கின்றனர். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் தகைவிலான் குருவியின் வால் என்கின்றனர். பொருத்துகளுக்கு உயிரினங்களின் பெயரிடும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. மயமதம் என்னும் வடமொழிச் சிற்பநூல், மரங்களை இணைப்பதற்கென்றே சந்திகர்மம் என ஓர் அத்தியாயம் வகுத்து, ஆட்டுக்கடாக்களின் போர், பன்றி மூக்கு எனப் பொருள்படும் பெயர்களால் இணைப்புகளைக் குறிக்கிறது.

வாலின் சரிவு எவ்வளவு இருக்கவேண்டும்? இங்கேதான் நாம் திகைத்து நின்றோம். நூல்களில் மென்மரத்துக்கு ஆறில் ஒன்று, வன்மரத்துக்கு எட்டில் ஒன்று என்று எழுதியிருந்தது. சரிவு குறைந்தால் இழுப்பில் நழுவும். மிகுந்தால் வாலின் கூர்முனையில் மரத்தின் இழை குறுகி, முனை சிதறிவிடும். விதி விளங்கியது, அதைப் பலகையில் எப்படி இறக்குவது என்பது விளங்கவில்லை. எங்கள் குடியிருப்பின் பின்தெருவில், ஆயுள் முழுதும் தச்சு வேலை செய்து ஓய்ந்த மராத்தியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை நாம் 'காகா' என்றும், அவர் நம்மைச் 'சாஹேப்' என்றும் அழைப்பது வழக்கம். அவரிடம் கேட்டோம். அவர் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏகா இஞ்சாலா ஏக் சூத்" என்றார்.

ஓர் அங்குலத்துக்கு ஒரு சூத். மராத்தியில் சூத் என்றால் நூல். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு சூத். நேயர்களே, நம் ஊர்த் தச்சரும் கொத்தனாரும் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை என்னவென்று சொல்கிறார்கள்? ஒரு நூல் என்றுதானே! எடைகளையும் அளவைகளையும் மெட்ரிக் முறைக்கு மாற்றும் சட்டம் 1956இல் வந்தது. ஆயினும், மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த இந்த நூல், இரு மாநிலத்துப் பட்டறைகளிலும் அறுபடாமல் ஓடுகிறது. அகராதியில் தேடாத சொல் அன்று மரத்தூளிடையே கிடைத்தது. எட்டில் ஒன்று என்ற விதியும் அக்கணமே கைக்கு வசமாயிற்று. இரண்டரை அங்குல நீளமுள்ள வாலுக்கு, ஒவ்வொரு பக்கமும் இரண்டரை நூல் சரிவு. கணக்கு அவ்வளவே.

இனி வெட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். சிறு பெட்டியின் பொருத்தைப் பெரிதாக்கினால் மேசையின் பொருத்து ஆகிவிடும் என்று எண்ணுவது பிழை. ஆறடிச் சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி அறுக்க இயலாது. மணைகளின்மேல் கிடத்தியே அறுக்கவேண்டும். இரம்பம் ஒரு பாகை சாய்ந்தாலும் இரண்டரை அங்குல ஆழத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு நூல் வழி தவறும். பழைய உத்திரமாதலின், உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணிகளைக் காந்தம் கொண்டு முதலில் தேடவேண்டும். இல்லையேல் இரம்பத்தின் பல் போய்விடும். நுனியை மூலைமட்டத்துக்குச் சரியாக இழைத்து, எதிர்ச்சட்டத்தின் கனத்தைச் சுற்றிலும் கீறி, வால்களை வரைந்து அறுக்கவேண்டும். இடையிலுள்ள கழிவை ஒரே பக்கமாக உளியால் வெட்டினால் மறுபக்கம் பிய்ந்துவிடும். பாதி ஒருபுறமும் பாதி மறுபுறமுமாக எடுக்கவேண்டும்.

வால் முடிந்தபின் அதையே அச்சாக வைத்துப் பற்களைக் குறிக்கவேண்டும். ஆதலால் வாலில் நேர்ந்த சிறு கோணலைப் பல் ஏற்றுக்கொள்ளும். பல்லில் நேர்ந்த பிழையை ஏற்றுக்கொள்ள ஆளில்லை. குறிப்பதற்குப் பென்சில் ஆகாது. அதன் கோட்டுக்கு ஓர் அகலம் உண்டு. கூரிய கத்தியால் கீறவேண்டும். அறுக்கும்போது இரம்பம் கழிவின் பக்கம் ஓடவேண்டும். கோடு மரத்தில் மிஞ்சவேண்டும்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நாம் தவறினோம். நடுப்பல்லை அறுக்கையில், கழிவு எப்பக்கம் என்று குறியிடாத அவசரத்தில், இரம்பம் கோட்டின் உட்புறம் இறங்கிவிட்டது. பூட்டிப் பார்த்தபோது அரை நூல் இடைவெளி தெரிந்தது. அன்று இரவு உணவு இறங்கவில்லை. நூறாண்டு நின்ற வீட்டின் மரம் நம் கையில் ஒரு மாலைப்பொழுதில் வீணாயிற்றே என்ற எண்ணமே மேலோங்கியது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிடலாமா என்று மறுநாள் காகாவிடம் கேட்டோம். அவர் தலையசைத்தார். அடைப்பு கண்ணுக்கு நிரவும். திருகின் பாரத்தைத் தாங்காது என்றார். பின், "இதற்கு வேறு மரம் ஆகாது சாஹேப், இதன் உடன்பிறப்பு எங்கே?" என்று கேட்டார். பழைய துளையுடன் நாம் வெட்டி மூலையில் எறிந்திருந்த நுனிக்கட்டை நினைவுக்கு வந்தது. அதிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை அறுத்து, இழைக்கு இழை ஒத்துவரும்படி பல்லின் கன்னத்தில் பசையிட்டு ஒட்டி, ஓர் இரவு இறுக்கி வைத்தோம். மறுநாள் புதிதாகக் கீறி, கழிவின் பக்கம் பெருக்கற்குறியிட்டு, மீண்டும் அறுத்தோம். கட்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டத் தட்ட, பொருத்து ஒலி மாறி இறங்கி அமர்ந்தது. ஒட்டிய இடத்தை இன்று நாமே தேடித்தான் காணவேண்டும்.

ஆனி முதல் புரட்டாசி வரை புனேயில் மழை. பங்குனியில் உதடு வெடிக்கும் வறட்சி. ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. இந்த மூலையில் இரு சட்டங்களின் அகலமும் ஒரே திசையில் நிற்பதால், இரண்டும் சேர்ந்தே உப்பி, சேர்ந்தே சுருங்குகின்றன. மேற்பலகையோ குறுக்குச் சட்டத்துக்கு எதிர்த்திசையில் அசைவது. ஆகவே அங்கே திருகாணியின் துளைகளை நீளமாகத் துளைத்து, அசைய இடம் விட்டிருக்கிறோம்.

புறாவால் பொருத்துக்கு மட்டும் பசையிடவில்லை. எப்போது மாற்றல் உத்தரவு வருமோ என்றிருக்கும் குடும்பம் நம்முடையது. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருடைய குடும்பமும் அவ்வாறே. நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் அசையாத இந்தப் பூட்டு, முன்சட்டத்தின் உட்புறத்திலிருந்து தட்டினால் வந்த வழியே கழன்றுவிடும். அடுத்த ஊருக்கு மேசை நம்முடன் வரும். அங்கே ஒரு நூலை என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்று அவ்வூர்த் தச்சரைக் கேட்டுக்கொள்வோம்.