காற்றும் கம்பியும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது களத்துமேட்டில் பிறந்த பழமொழி. காற்று எவருக்காகவும் காத்திராது. வீசும் வேளையில் பயன்படுத்திக்கொள்ளாதவன் பதரோடு நெல்லையும் வைத்துக்கொண்டு தவிக்க வேண்டியதுதான். இன்று மின்சாரத் துறைக்கும் இதுவே முதற்பாடமாக அமைந்துள்ளது. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி நாம் பலரும் அறிவோம். எடுத்த மின்சாரத்தை நாடு முழுவதற்கும் பொதுவான மின்தொகுப்பில் சேர்ப்பது எங்ஙனம், அதில் கிராமத்துக்குள்ள பங்கு யாது என்பன பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

நம் மாநிலத்துக்கு இயற்கை அளித்த செல்வங்களுள் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள். பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இந்நான்கு வாயில்களின் வழியே வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து வீசுகிறது. 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு அருகே மாதிரிக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் முப்பந்தல், கயத்தாறு, உடுமலைப்பேட்டை, தேனிப் பக்கங்களில் அவை பல்கிப் பெருகின. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 12 கோடி யூனிட் மின்சாரம் காற்றிலிருந்து கிடைத்தது. நிலக்கரி வாங்காமல், புகை எழுப்பாமல் கிடைத்த மின்சாரம் இது.

ஆயினும், நன்றாகக் காற்று வீசும் நாளிலேயே காற்றாலைகளை நிறுத்திவைக்குமாறு கட்டளை பிறந்த காலமும் உண்டு. 2012-ஆம் ஆண்டையொட்டிய ஆண்டுகளில் ஒருபுறம் மின்வெட்டு வாட்டியது. மறுபுறம் காற்று மிகுந்த வேளைகளில் காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. இது முரணாகத் தோன்றலாம். காரணத்தை விளங்கிக்கொண்டால், இனிச் செய்ய வேண்டியது எது என்பதும் விளங்கிவிடும்.

ஏரியில் நீர் தேங்கி நிற்கும். வேண்டும்போது மடையைத் திறந்துகொள்ளலாம். மின்தொகுப்பு ஏரியன்று, அது ஓடும் வாய்க்கால். தலைமடையில் எவ்வளவு விடப்படுகிறதோ, அவ்வளவும் அந்தக் கணத்திலேயே வயல்களில் பாய்ந்தாக வேண்டும். மிகுந்தால் கரை உடையும். குறைந்தால் கடைமடை காயும். இச்சமநிலையை அளந்து காட்டும் கோல் ஒன்று உண்டு. நம் நாட்டு மின்நிலையங்கள் யாவும் வினாடிக்கு 50 சுழற்சி என்னும் ஒரே கதியில் இயங்குகின்றன. தேவை மிகுந்தால் இக்கதி குறையும். உற்பத்தி மிகுந்தால் ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் அதனை நிறுத்துமாறு விதி வகுத்துள்ளனர். பிழை பெரிதானால், இயந்திரங்கள் பழுதுபடாமல் இருக்கத் தாமே தொகுப்பிலிருந்து விலகிக்கொள்ளும். ஒன்று விலக மற்றொன்றின் மீது பளு ஏற, நாடே இருளில் மூழ்கும். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியாவில் அவ்வாறே நேர்ந்தது. இரண்டாம் நாள் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்தன.

இத்தகைய வாய்க்காலில் காற்றாலை என்பது காட்டாறு போன்றது. அது நாம் அழைத்தபோது வாராது. வந்தபோது மிகுதியாக வரும். நள்ளிரவில் மழை பெய்து, பம்புசெட்டுகள் ஓய்ந்து, மின்தேவை குறைந்திருக்கும் வேளையிலும் காற்று ஓங்கி வீசக்கூடும். அப்போது அனல் மின்நிலையங்களைத் தணிக்க வேண்டும். கொதிகலன் அடுப்பன்று, நினைத்தவுடன் அணைத்து மறுகணமே மூட்டுவதற்கு! அதைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தணிக்கவும் இயலாது. நீர்மின் நிலையம் விரைவில் கூட்டிக் குறைக்கக் கூடியதே; ஆயின் மலையில் மழை பெய்து அணைகளுக்கு நீர் வருவதும் அதே பருவத்தில்தான். இந்நிலையில் மிகுந்த மின்சாரத்தை அடுத்த மாநிலத்துக்கு அனுப்பலாமென்றால், அதற்கு வேண்டிய கம்பி அன்று போதிய அளவில் இல்லை. தென்மாநிலங்களின் மின்தொகுப்பு வடநாட்டுத் தொகுப்புடன் ஒரே கதியில் இணைந்தது 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளன்றுதான். ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே அமைந்த 765 கிலோவோல்ட் மின்பாதை அன்று இந்தியா முழுவதையும் ஒரே மின்தொகுப்பாக்கிற்று.

ஆகவே, காற்றாலை நிறுவுவது வேலையில் பாதியே, மறுபாதி கம்பி. இதனைப் பிறநாட்டு அனுபவமும் மெய்ப்பிக்கிறது. ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டில், துர்கானா ஏரிக்கு அருகே 365 காற்றாலைகள் கொண்ட 310 மெகாவாட் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டிலேயே இயந்திரங்கள் ஆயத்தமாகிவிட்டன. ஆனால் 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மின்பாதை 2018-ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. இடைக்காலத்தில் காற்று வீசியது, இயந்திரங்கள் நின்றன, தாமதத்துக்கான இழப்பீட்டுச் சுமையோ அந்நாட்டின் தலையில் விழுந்தது.

நம் நாட்டில் இக்குறையைப் போக்கப் பசுமை மின்வழித்தடம் என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. காற்றும் வெயிலும் மிகுந்த மாநிலங்களில் புதிய மின்பாதைகளும் துணைமின் நிலையங்களும் அமைப்பது அதன் நோக்கம். தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை 2021-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அது 6,000 மெகாவாட் சுமக்க வல்லது. நமக்குத் தேவையான காலத்தில் வடக்கிலிருந்து மின்சாரம் வரும். காற்று மிகுந்த காலத்தில் இங்கிருந்து வடக்கே செல்லவும் அது வழிசெய்கிறது.

கம்பியோடு வேறு சில கருவிகளும் வேண்டும். முதலாவது, முன்னறிவிப்பு. ஒரு நாளைப் பதினைந்து நிமிடம் கொண்ட 96 கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு காற்று மின்சாரம் வருமென்று முன்கூட்டியே கணித்து, மின்பளு பகிர்வு மையத்துக்குத் தெரிவிக்கிறார்கள். இரண்டாவது, சேமிப்பு. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இயங்கிவருகிறது. மின்சாரம் மிகுந்த வேளையில் கீழணையின் நீரை மேலணைக்கு ஏற்றுவார்கள். பற்றாக்குறை வேளையில் அதையே இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். வாய்க்கால் நீருக்குக் குளம் வெட்டியதை ஒக்கும் ஏற்பாடு இது. பெரிய மின்கல அடுக்குகளும் இப்பணிக்கு இப்போது வந்துள்ளன.

பஞ்சாயத்துகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி அதற்கு விடை கூறும். 2006-ஆம் ஆண்டில் அவ்வூராட்சி, சேமித்த பணம் 40 இலட்சத்துடன் வங்கிக் கடனும் பெற்று, 1 கோடியே 55 இலட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கிற்று. காற்றாலை நின்றது ஓடந்துறையில் அன்று. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில்! அங்கே விளைந்த மின்சாரம் பொது மின்தொகுப்பின் வழியே கணக்கில் ஏறி, ஊராட்சியின் தெருவிளக்குக்கும் குடிநீர்ப் பம்புக்கும் ஈடாயிற்று. மிகுந்ததை மின்வாரியத்துக்கு விற்று வருவாயும் ஈட்டினர். பொதுக் கம்பி இல்லையேல் இது கைகூடியிராது.

எல்லாப் பஞ்சாயத்துகளும் காற்றாலை வாங்க இயலாது. ஆயினும் எல்லாரும் செய்யக்கூடியவை சில உள.

நம் கிணற்று மோட்டாரும் பழங்காலக் காற்றாலையின் மின்னாக்கியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டும் தம்முள் காந்தப்புலம் உண்டாக்குவதற்காகக் கம்பியிலிருந்து தனியாக ஒரு மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். அது வேலை செய்வதில்லை. ஆனால் கம்பியை நிறைத்துக்கொண்டு மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். மோட்டாருக்கேற்ற கெப்பாசிட்டரைப் பொருத்தினால் இக்குறை பெருமளவு நீங்கும். ஊர் முழுவதும் மின்னழுத்தம் நிமிரும். மோட்டார் எரிவதும் குறையும்.

அடுத்தது, குடிநீர்ப் பம்பு ஓட்டும் நேரம். வெயில் மின்சாரம் ஓய்ந்தும் மின்தேவை மிகுந்தே இருப்பது மாலை விளக்கு வைத்தபின். மேல்நிலைத் தொட்டியை அந்நேரத்தில் நிரப்பாமல், வெயில் மின்சாரம் பெருகியுள்ள பகலில் நிரப்பிவிடலாம். ஒரு தொட்டியால் பயன் சிறிதே. ஆயிரக்கணக்கான ஊர்கள் ஒன்றுபட்டால் அதுவே ஒரு மின்நிலையத்துக்கு ஒப்பாகும்.

இறுதியாக, யாவரினும் விவசாயிக்கு நெருக்கமான செய்தி. கம்பி ஆகாயத்தில் சென்றாலும் கோபுரம் நிலத்தில்தான் நிற்கிறது. தன் வயலின் நடுவே கோபுரம் எழும்போது உழவன் மனம் பதறுவது இயல்பே. நாட்டுக்கு நன்மை என்பதற்காக ஒரு குடும்பம் மட்டும் இழப்பைத் தாங்கவேண்டும் என்பது நியாயமாகாது. 2015-ஆம் ஆண்டில் மத்திய மின்துறை வகுத்த நெறிமுறை, கோபுரத்தின் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பி செல்லும் பாதை நிலத்துக்கு 15 விழுக்காடு வரையும் இழப்பீடு கூறிற்று. 2024 ஜூனில் வெளியான நெறிமுறை அவற்றை முறையே 200 விழுக்காடாகவும் 30 விழுக்காடாகவும் உயர்த்தியது. இவை மத்திய அரசின் நெறிமுறைகள்; மாநிலங்கள் இவற்றை ஏற்று ஆணை பிறப்பிக்கலாம். எனவே ஒவ்வொரு மின்பாதைக்கும் எந்த ஆணை பொருந்தும் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும்.

மின்பாதை ஊருக்குள் வருகிறது என்று தெரிந்தவுடனேயே பஞ்சாயத்து விழித்துக்கொள்வது நலம். வரைபடத்தைப் பெற்றுக் கிராம சபையில் வைக்கலாம். கிணறு, வீடு, மரம் ஆகியவற்றைப் புல எண் வாரியாகக் குறித்துவைக்கலாம். பட்டாவில் பெயர் மாறாமல் கிடக்கும் நிலங்களுக்கு முன்கூட்டியே பெயர் மாற்றம் செய்துகொள்ளத் தூண்டலாம். பட்டா சரியாக இல்லாதவனுக்கு இழப்பீடு கைக்கெட்டுவதில் தாமதம் நேரும். காற்றாலைக்குச் சாலை போடுகையில் ஓடையும் வரத்துக் கால்வாயும் மூடப்படாமல் காப்பதும் பஞ்சாயத்தின் கடமையே. பாதையைச் சற்று விலக்கி அமைக்கக் கூடுமாயின், அதைக் கேட்கவேண்டிய நேரம் அளவைக்கல் நடும்போது. கோபுரம் எழுந்தபின் அன்று.

அன்பர்களே! கம்பியை மறித்தால் காற்று வீணாகும். உழவனை மறந்தால் கம்பி நகராது. இரண்டில் எதனையும் கைவிடாமல் நடுநின்று நடத்தும் பொறுப்பு, மக்கள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துக்கே உரியது. அடுத்த பருவக்காற்று வருமுன் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் ஊர் மோட்டார்களுக்குக் கெப்பாசிட்டர் உண்டா என்று கணக்கெடுக்கட்டும். ஊரின் எல்லைக்குள் வரவிருக்கும் மின்பாதை எது என்று கேட்டறியட்டும். இவ்விரு செயல்களையும் இம்மாதமே தொடங்குவோமாக!