பழைய இன்ஜின் யாருக்குச் சொந்தம்?



போகிக்கு முந்தின வாரம் பரணைக் காலி பண்ணியிருப்பீங்க. எதை வைத்துக்கொள்வது, எதைச் சொந்தக்காரங்களுக்குக் கொடுப்பது, எதைக் காயலான் கடையில் போடுவது என்று வீட்டில் ஒரு சண்டையே நடக்கும். இதே வேலையை ஒரு ரயில் அருங்காட்சியகம் செய்தால்? அங்கே பரணில் இருப்பது இன்ஜின். அதற்குச் சொந்தக்காரங்க பொதுமக்கள்.

இங்கிலாந்தின் யார்க் நகரில் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. 1975-இல் பழைய இன்ஜின் கொட்டகை ஒன்றில் தொடங்கியது. 2004-இல் ஷில்டன் ஊரில் இன்னொரு கூடமும் வந்தது. இன்ஜின் மட்டுமே நூற்றுக்கு மேல். இன்ஜினை அலமாரியில் அடுக்க முடியாதே! கூரை வேணும், தண்டவாளம் வேணும், துருப்பிடிக்காமல் பார்த்துக்க ஆள் வேணும்.

அதனால்தான் இப்படிப்பட்ட அருங்காட்சியகங்கள் அவ்வப்போது இருப்பை மறுஆய்வு செய்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் சில கேள்விகள். இதே மாதிரி இன்னொன்று நம்மிடம் இருக்கிறதா? இது சொல்லும் கதை என்ன? நிலைமை எப்படி? உண்மையில் நமக்குச் சொந்தமா, இரவலா? வேறு இடத்தில் இதற்கு நல்ல வாழ்வு கிடைக்குமா?

நினைத்தபடி கொடுத்துவிடவும் முடியாது. 1983-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம், இந்த அருங்காட்சியகம் எந்தச் சூழலில் ஒரு பொருளைக் கைவிடலாம் என்று வரையறுக்கிறது. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுக்கலாம். வைத்திருக்கத் தகுதியில்லாததையும் கொடுக்கலாம், ஆனால் மாணவர்களுக்கோ மக்களுக்கோ அதனால் நஷ்டம் வரக் கூடாது.

இப்போ ஒரு நிஜக் கதை. 563-ஆம் எண் நீராவி இன்ஜின், 1893-இல் லண்டன் நைன் எல்ம்ஸ் பணிமனையில் உருவானது. அந்த 'டி3' வகையில் செய்தது 20. மிஞ்சியது இது ஒன்றுதான். 2017-இல் அருங்காட்சியகம் இதை ஸ்வானேஜ் ரயில்வே அமைப்புக்குக் கொடையாகவே கொடுத்தது. 1972-இல் மூடப்பட்ட தங்கள் ஊர்ப் பாதையைத் தன்னார்வலர்கள் மீட்டெடுத்த இடம் அது. அந்த இன்ஜினை ஓட்டிய அதே பழைய கம்பெனியின் பகுதியும்கூட.

எல்லாரும் கைதட்டவில்லை. மிஞ்சிய ஒரே ஒன்றைப் பொதுச் சொத்திலிருந்து எப்படி வெளியே விடலாம் என்று கேட்டாங்க. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2023-இல் அந்த இன்ஜின் மறுபடி நீராவி விட்டது. சுமார் 75 வருஷத்துக்குப் பிறகு! ஆனால் ஒரு விஷயம். ஓட வைக்கணும்னா தேய்ந்த பாகங்களை மாற்றணும். மாற்ற மாற்ற, 1893-இன் கைவேலை குறைந்துகொண்டே போகும். நிறுத்தி வைத்தால் சாட்சியம் பிழைக்கும், சத்தம் அடங்கிவிடும்.

இந்தக் கேள்வி நமக்கும் புதிதல்ல. 1855-இல் இங்கிலாந்தில் செய்து இந்தியாவுக்கு வந்த இ.ஐ.ஆர். 21 இன்ஜின், நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. 2010-இல் அதை மறுபடி ஓட வைத்தது நம்ம பெரம்பூர் பணிமனை.

என் கருத்தைச் சொல்லிடறேன். கொடுப்பது தப்பில்லை. மக்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல் கொடுப்பதுதான் தப்பு. எதைக் கொடுக்கிறோம், ஏன், யாருக்கு என்று முதலிலேயே வெளியிட்டால், மறுப்பு சொல்பவருக்கும் பேச ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

இதில் உங்க பங்கும் இருக்கிறது. தாத்தாவின் ரயில்வே கைவிளக்கையோ பழைய பஸ் கண்டக்டர் பையையோ அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைத்தால், மூணு வேலை செய்யுங்க. கொடையா, இரவலா என்று எழுத்தில் வாங்குங்க. பின்னாளில் வேண்டாம் என்றால் உங்களைக் கேட்பாங்களா என்று விசாரிங்க. யார், எங்கே, எந்த வருஷம் பயன்படுத்தினாங்க என்று ஒரு பக்கம் எழுதி, போனில் படமும் எடுத்து வைங்க.

நாளைக்கு ஒரு மறுஆய்வு நடக்கும்போது, கதை தெரியாத விளக்கு வெறும் தகரம்தான். உங்க ஒரு பக்கக் குறிப்பு அதைக் காப்பாற்றும்.