வெயில் வெளியே, நாம் உள்ளே!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சர்க்கரை நோயைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். அதைப் பற்றி நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? யாருமே பேசாத ஒன்றைப் பேசிவிட்டுப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி என்னிடம் வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலி. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ முடியும். மாமியார் சோம்பல் என்றார். கணவர் வாயு என்று சொல்லித் தைலம் வாங்கித் தந்தார். இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின! இரத்தத்தைச் சோதித்தபோது வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. எலும்பு உறுதியிழந்து மென்மையாகிக்கொண்டிருந்தது. கணவர் கேட்டார்: "டாக்டர், நம்ம ஊர்ல அடிக்கிற வெயிலுக்கு இந்தக் குறை எப்படி வரும்?"

நியாயமான கேள்விதான். 1890இல் தியோபால்டு பாம் என்ற மருத்துவர், குழந்தைகளின் கால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் புகை மூடிய ஆங்கிலேய நகரங்களில் மலிந்திருப்பதையும், வெயில் நாடுகளில் அரிதாக இருப்பதையும் எழுதிக்காட்டினார். 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பவர் புற ஊதாக்கதிர் விளக்கொளியால் அதே நோயைக் குணப்படுத்தினார். அன்றிலிருந்து வெயில் நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்றே எல்லோரும் நம்பினார்கள். மருத்துவக் கல்லூரியில் நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த நம்பிக்கையை உடைத்தது நம் நாட்டு ஆய்வுகளே. 2000இல் வெளிவந்த டெல்லி ஆய்வில் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்குமே இந்தச் சத்து மிகக் குறைவாக இருந்தது. வெயிலில் நின்ற படைவீரர்களின் நிலை அவர்களைவிட மேலாக இருந்தது. கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் பெற்ற குழந்தைகளுக்கும் குறைவு. தாயிடம் இல்லாததைக் குழந்தை எங்கே போய் வாங்கும்? 2007இல் நமக்கு அருகில் உள்ள திருப்பதியில் நடந்த ஆய்வு வெளிவந்தது. வயலில் உழைக்கும் கிராமத்தாரைவிட நகரத்தாருக்குக் குறைவு. கிராமத்திலும் பலருக்குப் போதவில்லை. அவர்கள் உணவில் சுண்ணாம்புச் சத்தும் குறைவாகவே இருந்தது.

ஆக, வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும்! புற ஊதாக்கதிரில் ஒரு பகுதி தோலில் உள்ள கொழுப்புப் பொருளை மாற்றுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்துகின்றன. அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது, துணியையும் பெரும்பாலும் தாண்டாது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வியர்த்தால் கிடைப்பது வியர்வை மட்டுமே.

இன்னொரு தவறான நம்பிக்கை, விடிகாலை இளவெயில். கைக்குழந்தையை ஆறரை மணிக்கு வாசலில் காட்டுகிறோம். அந்த நேரத்தில் கதிர் சாய்ந்து வருவதால் நமக்கு வேண்டிய பகுதி மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பலன் தரும். நிழலை அளந்து நேரம் அறிவது நமக்குப் புதிதா என்ன? லுஹரையும் அஸரையும் அப்படித்தானே கணித்தார்கள்! பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள், வாரத்தில் சில நாள், கையும் காலும் திறந்திருக்க ஏறத்தாழ அரைமணி நேரம். கறுத்த தோலுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவை. சித்திரை வெயிலில் வயோதிகர்களை நிறுத்திவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்!

"புர்காதான் காரணம்" என்று சிலர் எளிதாக முடித்துவிடுகிறார்கள். துணி கதிரைத் தடுக்கும் என்பது உண்மை, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வளைகுடா நாடுகளில் ஆண்களிடமும் இந்தக் குறை பரவலாகக் காணப்பட்டிருக்கிறது. ஏ.சி. அறை, ஏ.சி. கார், ஏ.சி. கடை என்றால் ஆணென்ன, பெண்ணென்ன? நம் பழைய வீடுகளில் வானம் பார்த்த முற்றம் இருந்தது. பெண்கள் அங்கே அரிசி புடைத்தார்கள், தலை உலர்த்தினார்கள். முற்றத்தை மூடி அறை எடுத்தது யார்? நாம்தான். அடுக்குமாடியில் குடியேற்றிவிட்டு, மாடிக்குப் போனால் பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள் என்று கதவையும் பூட்டினோம். உடையைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்தப் பூட்டைப் பார்க்க வேண்டாமா?

மத்தி, கானாங்கெளுத்தி, முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் ஓரளவு உண்டு. உணவை மட்டும் நம்பி முழுத் தேவையை அடைவது கடினம்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதித் தரும் அறுபதாயிரம் யூனிட்டை, ஒருவருக்கு எழுதியதை வீடு முழுக்கச் சாப்பிடுவதும், மாதக்கணக்கில் நிறுத்தாமல் விழுங்குவதும் நடக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட் அளவுதான். மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறும். வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். நோய்க்குறி இல்லாதவர்கள் 'முழு உடல் பரிசோதனை' விளம்பரத்தைப் பார்த்து ஓடவும் வேண்டாம். ஆரோக்கியமானவர்கள் அனைவருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமே 2024இல் கூறியிருக்கிறது. ஆனால் எலும்பு வலியோடு உட்கார முடியாமல், எழ முடியாமல் தவிக்கும் பெண்ணுக்குச் சோதனை கட்டாயம் வேண்டும். அங்கே காசைப் பார்க்காதீர்கள்.

கடை வைத்திருப்போரே! காலை ஒன்பது மணிக்கு உள்ளே வரும் பையன் இரவு பத்து மணிக்கு வெளியே போகிறான். பகல் உணவு வேளையில் அரைமணி நேரம் அவனை வெளியே விடுங்கள், வியாபாரம் ஒன்றும் கெட்டுப்போகாது.

அந்தச் சகோதரியின் கணவர் என்ன செய்தார் தெரியுமா? மொட்டை மாடியில் ஒரு மூலையில் ஆளுயரத்துக்குத் தகரத் தடுப்பு அடித்தார். மருந்து ஒரு பக்கம் நடந்தது. நாலைந்து மாதம் கழித்துக் கையை ஊன்றாமல் எழுந்து காட்டினார் அந்தச் சகோதரி. இப்போது அந்தத் தடுப்புக்குள் வற்றல் காயப்போட மாமியாரும் வருகிறாராம்.