பெரிய செயின்சோவுக்கு எத்தனை அங்குல பார்?

(மரம் வெட்டும் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்குமாகத் தோட்டத்துக் கலாசார மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உடுப்பு துவைக்க வேண்டும், மரக்கறித் தோட்டத்தைக் கொத்த வேண்டும், பிள்ளைகளோடு கொஞ்சம் உட்கார வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். செயின்சோ பற்றிய பேச்சு, இது ஆம்பிளைகள் சங்கதி என்று தாய்மார்கள் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒரு தோட்டத்தில், ஒரே லயத்தைச் சேர்ந்த மூன்று தம்பிமார் கூட்டாகச் சேர்ந்து ஒரு செயின்சோ வாங்கினார்கள். ஒருவருக்குச் சீட்டு விழுந்த காசு, ஒருவருடைய தாயாரின் தோடு, மிச்சம் கடன். அந்தக் கடன் படிவத்தில் சிபாரிசு எழுதியவர்கள் நாங்கள்தான். மெஷின் என்ன விலை, யாரிடம் வாங்குகிறீர்கள், மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று எல்லாம் கேட்டோம். பார் எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது.

அவர்கள் வாங்கியது 60 சி.சி. அளவுள்ள மெஷின். அதில் போட்டிருந்தது 36 அங்குல பார். "பெரிய பிளேட் இருந்தாத்தான் மச்சான் பெரிய கொந்தராத்து கிடைக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்கு மாதம்கூடப் போகவில்லை. கிளட்ச் எரிந்தது, பாரின் ஓரம் நீலம் பாய்ந்து தேய்ந்தது, செயின் இரண்டு தடவை அறுந்தது. கடைசியில் ஒரு நாள், மரத்துக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த பாரின் நுனி, புல்லுக்குள் மறைந்திருந்த பழைய அடிக்கட்டையில் பட்டது. பார் துள்ளி எழும்பிப் பிடித்திருந்தவர் மேலேயே வந்தது. தோளில் 14 தையல். ஆஸ்பத்திரியில் நாங்கள் போய்ப் பார்த்தபோது அந்தத் தாய் கேட்டார்: "ஐயா, மெஷின் கூடாத மெஷினா?" மெஷின் நல்ல மெஷின்தான் அம்மா. அதற்குப் போட்ட பார்தான் பொருந்தவில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் பழகியவர்களிடம் போய்க் கேட்டோம், மெஷினோடு வரும் புத்தகங்களைப் படித்தோம். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பார் என்பது என்ன? செயின் சுற்றி ஓடுகிற அந்த நீட்டுத் தகடு. நம்மில் பலர் பிளேட் என்போம். அதன் நீளத்தைச் சொல்லும்போது, மெஷினின் உடம்புக்கு முன்னாலிருந்து நுனி வரைக்கும் உள்ளதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். உள்ளே மறைந்து நட்டு போட்டிருக்கும் பகுதி சேராது. கழற்றி வைத்த பாரை முழுவதுமாக அளந்து கடையில் கேட்டால் தவறான பார்தான் கைக்கு வரும். தகட்டின் அடியில் எண்கள் பொறித்திருப்பார்கள். அதைத் தேய்ந்து போகுமுன் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீளத்தைத் தீர்மானிப்பது எப்படி? நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: மரம் எவ்வளவு பருமன்? கண்ணால் பார்த்து மதிப்புப் போட வேண்டாம். கண் ஏமாற்றக்கூடும். ஒரு கயிற்றை எடுத்து, வெட்டப் போகிற உயரத்தில் மரத்தைச் சுற்றுங்கள். சுற்றி வந்த கயிற்றை மூன்றாக மடியுங்கள். அதுதான் மரத்தின் குறுக்களவு. கணக்குப்படி 3.14ஆல் பிரிக்க வேண்டும். மூன்றாக மடிக்கும்போது உண்மையான அளவைவிடச் சிறிது கூட வரும். அது நல்லதுதான். சுற்றளவு 54 அங்குலம் என்றால் மடித்தால் 18 அங்குலம். அதோடு 2 அங்குலம் சேர்த்தால் 20. ஒரே பக்கம் நின்று வெட்டி முடிக்க 20 அங்குல பார் போதும். ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள் இந்தக் கணக்கை நம்மைவிட வேகமாகச் செய்வார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

ஒரு மரத்தை மட்டும் அளக்கக் கூடாது. அந்த மூன்று தம்பிமாரின் கொந்தராத்து நிலத்துக்கு நாங்கள் பிறகு போய்க் கயிறு போட்டுப் பார்த்தோம். பெரும்பாலான மரங்களின் சுற்றளவு 48க்கும் 55க்கும் நடுவில்தான் இருந்தது. இரண்டே இரண்டு மரங்கள் 90 அங்குலம். அந்த இரண்டு மரத்துக்காக வாங்கிய பாரை மற்ற எல்லா மரத்துக்கும் சுமந்திருக்கிறார்கள். பார் வாங்குவது தினமும் வெட்டுகிற மரத்துக்கு. எப்போதோ ஒரு நாள் வருகிற மரத்துக்கு அல்ல.

இரண்டாவது கேள்வி: எஞ்சினுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது? இதை சி.சி. கணக்கில் சொல்லுவார்கள். பொதுவாக 50 சி.சி. மெஷினுக்கு 16 முதல் 18 அங்குலம், மிஞ்சிப் போனால் 20. 60 முதல் 70 சி.சி. மெஷினுக்கு 20 அங்குலம் நல்ல பொருத்தம், 24 வரை போகலாம். 90 சி.சி.க்கு மேற்பட்ட பெரிய மெஷின்கள்தான் 24 முதல் 36 அங்குலம் வரை இழுக்கும். ஸ்டில் 660 ஏறக்குறைய 92 சி.சி., ஹஸ்க்வர்னா 395 என்பது 94 சி.சி., பழைய ஸ்டில் 070 என்பது 106 சி.சி. இப்படிப்பட்ட மெஷின்களுக்குத்தான் நீட்டுப் பார். ஒவ்வொரு மெஷினின் புத்தகத்திலும் ஆகக் கூடிய நீளம் எழுதியிருக்கும். அதைத் தாண்டக் கூடாது.

ஏன் என்றால், 20 அங்குல பாரில் ஓடும் செயினில் சாதாரணமாக 36 வெட்டும் பற்கள் இருக்கும். 36 அங்குல பாரில் 55க்கு மேல் இருக்கும். அத்தனை பல்லும் மரத்துக்குள் இறங்கினால் அத்தனையையும் எஞ்சின்தான் இழுக்க வேண்டும். சின்ன எஞ்சின் மூச்சு வாங்கும், செயினின் வேகம் குறையும், கிளட்ச் வழுக்கிச் சூடேறும். வேகமாக ஓடுகிற செயின் மரத்தைச் சீவும். மெதுவாக ஓடுகிற செயின் மரத்தைப் பிராண்டும். அப்போது நாம் மெஷினை அழுத்துகிறோம். அழுத்துவதால் பாரும் தேயும், நம்ம இடுப்பும் தேயும். சாயங்காலம் அரம் போட உட்கார்ந்தால் 36 பல்லுக்குப் பதில் 55 பல்.

மூன்றாவது கேள்வி: என்ன மரம்? நம்ம தோட்டத்தில் சவுக்கு என்று சொல்லுகிற கிரெவிலியா ஒரு மாதிரி, டர்பன்டைன் என்று சொல்லுகிற யூக்கலிப்டஸ் ஒரு மாதிரி. இரண்டும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மரங்கள்தான். ஆனால் முற்றிய டர்பன்டைன் மரத்தில் வைரம் அதிகம். 70 சி.சி. மெஷின் சவுக்கில் 24 அங்குல பாரைச் சிரமமில்லாமல் இழுக்கலாம். அதே மெஷின் காய்ந்த டர்பன்டைன் கட்டையில் திணறும். வைரமான மரத்துக்கு ஒரு படி குறைந்த பார் போடுங்கள்.

நான்காவது கேள்வி: நிற்கிற இடம் எப்படி? நம்ம மலையில் சமதரை எங்கே இருக்கிறது? சரிவிலே, கல்லுக்கு நடுவிலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவிலே நின்று வெட்டுகிறோம். பார் நீளமானால் மெஷினின் முன்பக்கம் பாரமாகும், கால் வழுக்கினால் சமாளிக்க முடியாது. நுனி ஒரு தடவை மண்ணில் பட்டாலே போதும், தீட்டிய செயின் மொட்டையாகிவிடும். எல்லாவற்றையும்விட, மரத்துக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த நுனியின் மேல் கால்வாசிப் பகுதி எதிலாவது பட்டால் பார் நம்மை நோக்கித் துள்ளும். கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். செயின் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடுகிறது, நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் குட்டைப் பாரே போதுமா என்று ஒரு தம்பி கேட்கலாம். அதுவும் சரியில்லை. நின்று வெட்டுகிறவருக்கு நீட்டுப் பாரில் சில வசதி உண்டு. விழுந்த மரத்தில் கிளை கழிக்கும்போது அதிகம் குனிய வேண்டியதில்லை. பெரிய மரத்தை ஒரே பக்கம் நின்று முடிக்கலாம், சரிவின் கீழ்ப்பக்கம் சுற்றிப் போக வேண்டியதில்லை. 90 சி.சி. மெஷின் வைத்திருந்து, தினமும் 26, 28 அங்குல மரம் வெட்டுகிறவர் 30 அங்குல பார் போடுவதில் தப்பில்லை. மரமும் மெஷினும் இரண்டும் கேட்டால் போடுங்கள். பெருமைக்காகப் போடாதீர்கள்.

நன்றாகப் பழகிய கை, 24 அங்குல பாரை வைத்தே 36 அங்குல மரத்தை இரண்டு பக்கமிருந்தும் வெட்டிச் சாய்க்கும். ஆனால் இரண்டு வெட்டும் ஒரே மட்டத்தில் சந்திக்க வேண்டும். முன்வாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவில், குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு வெட்டாமல் விட வேண்டும். அதுதான் மரம் விழுகிற திசையைப் பிடித்து வைத்திருக்கும் கீல். இதை இந்த மண்டபத்தில் வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று பழக வேண்டும். பழகும்வரை பெரிய மரத்தைத் தெரிந்தவருக்கு விட்டுவிடுங்கள்.

பாரை மாற்றும்போது இன்னும் மூன்று விஷயம். ஒன்று, பாரும் செயினும் உள்ளே இருக்கும் பல்சக்கரமும் ஒரே பிட்ச் ஆக இருக்க வேண்டும். பெரிய மெஷினில் பொதுவாக 3/8, சிலதில் .404. பாரின் காடியும் செயினின் தடிப்பும் பொருந்த வேண்டும்: .050, .058, .063 என்று வரும். .063 காடியில் .050 செயின் போட்டால் ஆடும், வெட்டு கோணலாகப் போகும். இரண்டு, எண்ணெய். நீட்டுப் பாரின் நுனி வரைக்கும் எண்ணெய் போக வேண்டும். காய்ந்த வெளிர் கட்டைக்கு நேரே நுனியைப் பிடித்து மெஷினை முறுக்கிப் பாருங்கள். கட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் வெட்டக் கூடாது. லொறியில் கழித்த கறுப்பு எண்ணெயை ஊற்றாதீர்கள், பாரையும் பம்பையும் அது தின்னும். மூன்று, உண்மையிலேயே நீட்டுப் பார் தேவையானால், பற்கள் இடைவெளி விட்டு வருகிற செயின் கிடைக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு பல் குறைவு. எஞ்சினுக்குப் பாரம் குறையும், தூளும் தேங்காமல் வெளியேறும்.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டு செயின்சோக்களைப் பொலிஸில் பதிய வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. பதிவுப் பத்திரத்தைக் கையில் வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

தாய்மார்களே, இப்போது உங்கள் பங்கு. மகன் மெஷின் வாங்கப் போகிறேன் என்று தோட்டைக் கேட்டால், கொடுப்பதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: "எத்தனை சி.சி.? எத்தனை அங்குலம்?" பதில் தெரியாதவனுக்கு இன்னும் மெஷின் வாங்க நேரம் வரவில்லை. மரம் வெட்டுகிற இடத்தில் விறகு பொறுக்கப் போகிறவர்களும் நீங்கள்தான். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நில்லுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. வாள் சத்தம் நின்று, வெட்டுகிறவர் கைகாட்டிய பிறகு வாருங்கள். கொந்தராத்துக்காரரோடு உதவியாளாகப் போகிற பிள்ளையின் பெயர் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வேலையில் அடிபட்டால் நட்டஈடு கேட்கச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. ஆனால் வேலை செய்தார் என்பதற்குச் சாட்சி வேண்டுமே!

அந்த மூன்று தம்பிமாரும் இப்போது அதே மெஷினில் 20 அங்குல பார் போட்டு வெட்டுகிறார்கள். தையல் போட்ட தோள் ஆறிவிட்டது. குளிர் காலத்தில் மட்டும் இழுக்கிறதாம். அந்த இரண்டு பெரிய மரங்களையும் பெரிய மெஷின் வைத்திருக்கும் வேறொருவரிடம் விட்டுவிட்டார்கள். கடனில் பாதி அடைந்துவிட்டது. தோடு இன்னும் மீளவில்லை. அதை நினைக்கும்போது எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அதனால் எங்கள் கடன் படிவத்தில் இப்போது ஒரு புது வரி சேர்த்திருக்கிறோம்: மெஷினின் சி.சி., பாரின் அங்குலம், அளந்த மரத்தின் சுற்றளவு. அந்த வரியை நிரப்பாமல் இனி எந்தப் படிவத்திலும் நாங்கள் கையெழுத்து வைப்பதில்லை.

வாசலில் கயிறு வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். நாளைக் காலையில் மெஷினைத் தூக்குமுன் அந்தக் கயிற்றை மரத்தில் சுற்றிப் பாருங்கள்.