விதையில் வந்த அடீனியம்

மரக்காணம் பக்கம் கிணற்றுத் தண்ணி உப்புக் கரிக்கும். அடீனியத்துக்கோ கொஞ்சம் தண்ணியே போதும். பிடிச்சு வச்ச மழைத்தண்ணியிலேயே நாற்றைத் தேத்திடலாம்.

காய் ஜோடிக் கொம்பு மாதிரி இருக்கும். வெடிக்கும் முன்னே நூலால் கட்டிப்போடுங்க. இல்லாட்டி விதை பஞ்சோடு பறந்துடும். புது விதை மணற்பாங்கான மண்ணில் ஒரு வாரத்தில் முளைக்கும். பூக்க ஏறக்குறைய ஒன்றரை வருஷம்.

தாய்ச்செடி சிவப்பு என்பதற்காக, நாற்றும் சிவப்பு என்று சொல்லி முன்பணம் வாங்கிவிடாதீர்கள். பத்து நாற்று பத்து விதமாக வரலாம். முதல் பூவைப் பார்த்துக் கழிக்கவும் வேண்டாம். அடுத்த பூப்பையும் பார்த்து, நிறம், பூ நிற்கும் நாள், அடித்தண்டின் பருமன் எல்லாம் எழுதி வையுங்க. தேறினதை ஒட்டுக்கட்டினால் அதே பூ கிடைக்கும். தேறாததும் வீணில்லை, அடித்தண்டு பருத்திருந்தால் ஒட்டுக்கு வேர்ச்செடி ஆகும். வெட்டும்போது வடிகிற பால் விஷம், கையைக் கழுவிடுங்க.