மதுவகங்கள் கதவடைக்கும் நேரம்

(விழா அரங்கில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



மதுவைத் தொடாத குடும்பங்கள் கூடியிருக்கும் அவையில், மதுவகம் எத்தனை மணிக்கு மூடப்பட வேண்டும் என்று பேசுவது பொருத்தமற்றதாகச் சிலர்க்குத் தோன்றலாம். அது குடிப்பவனின் கவலை. குடியாதவனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கவும் கூடும். ஆனால் கதவடைக்கும் நேரம் பற்றிய வரலாற்றைப் புரட்டினால், அதைப் பற்றிக் குரல் எழுப்பியவர்களுள் குடியாதவர்களே முன்வரிசையில் நிற்கக் காணலாம். கணவனின் வருகைக்காக விளக்கேற்றிக் காத்திருந்த மனைவி, இரவுப் பணியில் இருந்த செவிலி, தெருவில் சுற்றுக்காவல் புரிந்த காவலர், மதுவகத்துக்கு எதிர்வீட்டு மாடியில் உறக்கமின்றிப் புரண்ட முதியவர் ஆகியோரே அக்குரலுக்கு உரியவர்கள். அவர்கள் கேட்டது சிற்சில வேளைகளில் கிடைத்தது. கிடைத்தும் பயன் தராது போனதும் உண்டு. ஆஸ்திரேலிய நாட்டின் நூறாண்டு அனுபவம் இவ்விரண்டையும் காட்டுகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் மதுக்கடை என்றவுடன் நினைவுக்கு வருவது அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் சில்லறைக் கடை. அதன் நேரத்தை அரசே ஓர் ஆணையால் மாற்றிவிடலாம். 2016 மே மாதத்தில், காலை 10 மணிக்குத் திறந்துகொண்டிருந்த கடைகள் நண்பகல் 12 மணிக்கே திறக்கும் என மாறியது அவ்வாறுதான். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘பப்’ எனப்படும் மதுவகம் பெரும்பாலும் தனியார் உடைமை. அது குடிக்கும் இடம் மட்டுமன்று; உண்ணும் இடமாகவும், ஊர்க்கதை பேசும் திண்ணையாகவும் விளங்குவது. ஆஸ்திரேலியாவில் இன்றும் பல மதுவகங்களின் முகப்பில் ‘ஹோட்டல்’ என்றே எழுதியிருக்கும். தங்கும் அறைகள் வைத்திருந்தால்தான் உரிமம் என்று பழைய சட்டம் விதித்ததன் எச்சம் அது. அங்கே அரசின் கையில் இருப்பது உரிமம் ஒன்றே. எத்தனை மணி வரை ஊற்றலாம் என்பதும் அவ்வுரிமத்தின் பகுதி.

முதல் உலகப்போர்க் காலம். ஆண்மக்கள் கடல் கடந்து போர்க்களம் சென்றிருக்க, ஊரில் மது ஆறாக ஓடுவதா என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்வியை நெடுங்காலமாகவே கேட்டு வந்தவர்கள் கிறித்தவ மகளிர் மதுவிலக்குச் சங்கத்தார். அவர்களுடைய சொல்லுக்கு அன்று புதிய வலிமையும் இருந்தது. நியூசிலாந்து 1893ஆம் ஆண்டிலும், தென் ஆஸ்திரேலியா 1894ஆம் ஆண்டிலும் பெண்களுக்கு வாக்குரிமை தந்திருந்தன. மதுவகத்தின் வாயிலுக்கு வெளியே நின்ற பெண், வாக்குச்சாவடிக்குள் நுழையத் தகுதி பெற்றுவிட்டாள். 1915ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் நடந்த பொது வாக்கெடுப்பில், மாலை 6 மணிக்கே மதுவகங்களை மூட வேண்டும் என்ற பக்கம் வென்றது. 1916இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு நிகழ்ச்சி. சிட்னிக்கு அருகில் இருந்த பயிற்சி முகாம்களின் போர்வீரர்கள், பயிற்சி நேரம் கூட்டப்பட்டதை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். லிவர்பூல் ஊரின் மதுவகங்களுக்குள் புகுந்து கிடைத்ததைக் குடித்தனர். இரயிலேறிச் சிட்னிக்கு வந்து கலகம் விளைத்தனர். நடு இரயில் நிலையத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் வீரர் ஒருவர் இறந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அம்மாநில மக்களும் ஆறு மணிக்கு வாக்களித்தனர். விக்டோரியாவும் டாஸ்மேனியாவும் அவ்வழியே சென்றன. நியூசிலாந்து 1917 டிசம்பரில் சேர்ந்துகொண்டது.

ஆறு மணி என்று வகுத்தவர்களின் எண்ணம் தெளிவானது, நல்லதும்கூட. வேலை முடிந்தவன் நேரே வீட்டுக்குச் செல்வான்; மனைவி மக்களுடன் இரவுணவு உண்பான்; கூலிப்பணம் வீடு வந்து சேரும். நடந்ததோ வேறு. ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. ஆறு மணிக்குக் கதவு அடைந்தது. இடையில் இருந்த அந்த ஒரு மணி நேரத்துக்குள், மாலை முழுவதும் குடிக்க வேண்டியதைக் குடித்துத் தீர்க்க ஆண்கள் முண்டியடித்தனர். மதுவகங்களும் அதற்கேற்ப உருமாறின. மேசையும் நாற்காலியும் இடத்தை அடைப்பதால் அகற்றப்பட்டன. நின்றபடி குடிப்போர் தோளோடு தோள் நெருங்கினர். கழுவித் தள்ள எளிதாக இருக்கும் என்று சுவர்களில் பளிங்கு ஓடு பதித்தனர். கோப்பையைக் குழாயடிக்குக் கொண்டுபோக நேரமின்றி, நீண்ட ரப்பர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, நீட்டிய கோப்பைகளில் வரிசையாகப் பீர் ஊற்றிய பணியாளரை நியூசிலாந்தில் காண முடிந்தது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவது போல என்றால் அது மிகையன்று.

மக்கள் இந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு பெயரும் சூட்டினர்: ‘ஆறு மணி ஸ்வில்’. ஸ்வில் என்ற சொல்லுக்குப் பன்றிக்கு ஊற்றும் கழுநீர் என்றும், மடமடவென்று விழுங்குதல் என்றும் இருபொருள் உண்டு. மெல்போர்ன் ஓவியர் ஜான் பிராக் 1954இல் ‘பார்’ என்ற தலைப்பில் அக்காட்சியைத் தீட்டினார். விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் உள்ள அந்த ஓவியத்தில் மகிழ்ச்சியான முகம் ஒன்றுகூட இல்லை.

ஆக, ஆறு மணிச் சட்டத்தால் கணவன் முன்னேரத்தில் வீடு திரும்பினான். ஆனால் ஒரு மணி நேரத்தில் நிரப்பிக்கொண்ட போதையோடு திரும்பினான். எவருடைய நன்மைக்காகச் சட்டம் எழுந்ததோ, அவர்களே அந்தத் தள்ளாட்டத்தை வாயிற்படியில் எதிர்கொண்டனர். மறுபுறம், ஆறு மணிக்குப் பின் களவாக விற்கும் வணிகமும் செழித்தது. இத்தனைக்கும் அச்சட்டம் எளிதில் போகவில்லை. 1947இல் நியூ சவுத் வேல்ஸ் மக்களைக் கேட்டபோது ஆறு மணியே நீடிக்கட்டும் என்றனர். 1954இல் மீண்டும் கேட்டபோது மிகச் சிறிய வேறுபாட்டில் 10 மணி வென்றது. விக்டோரியா 1966 வரையும், தென் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1967 வரையும் ஆறு மணியைப் பற்றியிருந்தன. அரை நூற்றாண்டுக் காலம்! ஒரு தலைமுறை ஆண்கள் விரைந்து குடிப்பதையே குடிக்கும் முறையாகக் கற்றுக்கொள்ள அது போதுமான காலம்.

இவ்வரலாற்றைச் சொல்லி, நேரக் கட்டுப்பாடே வீண் என்று வாதிடுவோர் உண்டு. மதுத் தொழில் சார்ந்தோர் மிக விரும்பிச் சொல்லும் கதையும் இதுவே. ஆனால் கதை அங்கு முடியவில்லை. அதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு வடக்கே நியூகாசில் என்றொரு துறைமுக நகர் உள்ளது. நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர். 1999இல் அங்கிருந்த பெரிய உருக்காலை மூடப்பட்டது. இரவு வணிகம் நகர மையத்தில் பெருகியது. மதுவகங்கள் சில விடியற்காலை 5 மணி வரையும் திறந்திருந்தன. வார இறுதி இரவுகளில் அடிதடி அன்றாடச் செய்தியாயிற்று.

காவல்துறையினர் முறையிட்டனர், குடியிருப்போரும் சேர்ந்து குரல் கொடுத்தனர். 2008 மார்ச்சில், மதுவக உரிமங்களை மேற்பார்க்கும் வாரியம் நகர மையத்தின் 14 மதுவகங்களுக்குப் புதிய விதிகளை இட்டது. அதிகாலை 3 மணிக்கு மூட வேண்டும். 1 மணிக்கு மேல் புதிதாக எவரையும் உள்ளே விடக்கூடாது. குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் கடுமையான மது வகைகளை ஊற்றக்கூடாது. உரிமதாரர்கள் எதிர்த்து வழக்காடியதன் பின் 3.30 என்றும் 1.30 என்றும் அரை மணி தளர்த்தப்பட்டது. அரை மணிக்காக எவ்வளவு போராட்டம் என்று வியக்கத் தோன்றும். அந்த அரை மணியில் விற்பனையும் இருக்கிறது, அடிதடியும் இருக்கிறது என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தனர்.

பயன் என்ன? நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவல்துறைப் பதிவுகளை எடுத்து, இவ்விதிகள் அப்போது இல்லாத அண்டைப் பகுதியான ஹாமில்டனோடு ஒப்பிட்டனர். இரவு நேரத் தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தன. அக்குறைவு ஹாமில்டனுக்கு இடம்பெயர்ந்து சென்றதாகவும் காணப்படவில்லை. நார்வே நாட்டின் 18 நகரங்களில் மூடும் நேரம் சில இடங்களில் முன்தள்ளியும் சில இடங்களில் பின்தள்ளியும் மாற்றப்பட்டதைப் பிறிதோர் ஆய்வு எடுத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் நீட்டினால் வார இறுதி இரவுத் தாக்குதல்கள் ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுவதையும், குறைத்தால் அதே அளவு குறைவதையும் 2012இல் வெளியான அவ்வாய்வு காட்டியது.

மூடும் நேரம் என்னும் ஒரே கருவி, ஓரிடத்தில் தோற்று மற்றோரிடத்தில் வென்றது ஏன்? ஆறு மணிச் சட்டம் மனிதர் கூடிப் பேசும் மாலைப்பொழுதையே பறித்து, குடியை மட்டும் விட்டுவைத்தது. நியூகாசில் விதி மாலையைத் தொடவில்லை. எட்டு மணி நேரமாகக் குடித்துக்கொண்டிருப்பவன் ஒன்பதாம் மணியில் என்ன செய்கிறான் என்பதை மட்டும் நோக்கியது. நள்ளிரவுக்குப் பின் நிகழ்வதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். போதை முற்றியிருக்கிறது, உறக்கம் கண்ணை அழுத்துகிறது, ஒரு மதுவகத்தில் இடமின்றி மற்றொன்றுக்குக் கூட்டம் தெருவில் அலைகிறது, வீடு செல்ல வண்டி இல்லை, வாடகைக் காருக்கான வரிசையில் தோள் இடிக்கிறது. புதிதாக உள்ளே விடக்கூடாது என்ற விதி அந்த அலைச்சலைத் தடுத்தது. எந்த மணியில் தீங்கு விளைகிறது என்று கணக்கெடுத்த பின் வகுக்கப்பட்ட விதி அது. ஆறு மணியோ போர்க்கால உணர்ச்சியில் குறிக்கப்பட்ட மணி.

எனினும் நியூகாசில் விதியை அப்படியே எடுத்து எங்கும் ஒட்டிவிட முடியாது என்பதைச் சிட்னி காட்டியது. அங்கே 2012ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டின் இறுதி நாளிலும் கிங்ஸ் கிராஸ் பகுதியில், காரணமின்றி விழுந்த ஒற்றைக் குத்தில் 18 வயது இளைஞர் இருவர் தாக்குண்டு உயிரிழந்தனர். நகரமே கலங்கியது. 2014 பிப்ரவரியில் 1.30 மணிக்கு மேல் நுழைவு இல்லை, 3 மணிக்கு மேல் மது இல்லை என்று சட்டம் வந்தது. கிங்ஸ் கிராஸில் தாக்குதல்கள் 32 விழுக்காடும், நகர மையத்தில் 26 விழுக்காடும் குறைந்ததாக மாநிலக் குற்றப் புள்ளியியல் அலுவலகம் கணக்கிட்டது. எளிதில் சென்றடையக்கூடிய பிற பகுதிகளில் பின்னர்ச் சற்று உயர்வும் காணப்பட்டது.

ஆனால் பாடகர்களும் இசைக்குழுவினரும் மேடை இழந்தனர். குடிகாரரால் எந்தத் தொல்லையும் இல்லாத சிறு இசைக்கூடங்களும் அதே கயிற்றால் கட்டப்பட்டன. நகரின் பெரிய சூதாட்ட விடுதியோ நுழைவுத் தடை எல்லைக்கு வெளியே விடப்பட்டிருந்தது. எளியவனுக்கு ஒரு மணி, வலியவனுக்கு வேறு மணியா என்று மக்கள் வினவினர். ஆயிரக்கணக்கில் தெருவில் ஊர்வலம் சென்றனர். அவ்வினாவுக்கு நேர்மையான விடை எவரிடமும் இல்லை. மருத்துவமனையில் இரவைக் கழித்த மருத்துவர்கள், முகம் சிதைந்து வருவோர் குறைந்துவிட்டனர் என்று தொடர்ந்து எடுத்துரைத்தும், 2020 ஜனவரியில் நகர மையத்திலும் 2021 மார்ச்சில் கிங்ஸ் கிராஸிலும் அத்தடை நீக்கப்பட்டது. பாகுபாடு நுழைந்த சட்டத்தை அதன் நற்பயனாலும் காப்பாற்ற இயலவில்லை.

இனி இங்கிலாந்தைப் பற்றிச் சிறிது. முதல் உலகப்போரில் தொழிலாளர் குடியைக் கட்டுப்படுத்த, பிற்பகலில் மதுவகங்களை மூடி வைக்கும் விதி அங்கே வந்தது. போர் முடிந்து 70 ஆண்டு கடந்து 1988இல்தான் அது போயிற்று. பின்னர் 2003ஆம் ஆண்டுச் சட்டம், நாடு முழுமைக்கும் ஒரே மணி என்பதைக் கைவிட்டு, ஒவ்வொரு மதுவகத்துக்கும் தனித்தனி நேரம் என்ற முறையைக் கொணர்ந்தது. அது 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முடிவெடுப்பது உள்ளூர் மன்றம்.

அச்சட்டத்தில் குடியாதவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உரிமம் தருவதற்கு மன்றம் நான்கு நோக்கங்களையே பார்க்கலாம்: குற்றமும் ஒழுங்கின்மையும் தடுத்தல், பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், சிறாரைத் தீங்கினின்று காத்தல். பொதுநலவாழ்வு இப்பட்டியலில் இல்லை. ஸ்காட்லாந்து தன் சட்டத்தில் அதனை ஐந்தாவது நோக்கமாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே, மது தீயது, ஆதலால் உரிமம் கூடாது என்று இங்கிலாந்தில் ஒருவர் எழுதிக் கொடுத்தால், அக்கடிதம் எடுத்துக்கொள்ளப்படாது. சனிக்கிழமை இரவு 2 மணிக்கு இன்ன வாயிலில் கூச்சல் எழுந்தது, குழந்தைகள் விழித்து அழுதனர், மறுநாள் படிக்கட்டில் உடைந்த கண்ணாடி கிடந்தது என்று நாள், மணி, இடம் குறித்து எழுதினால் மன்றம் படித்தே தீர வேண்டும்.

எழுதுவதற்கான வாய்ப்பும் சட்டத்திலேயே உண்டு. புதிய உரிமம் கோருபவர் தம் கட்டடத்தின் முகப்பில், தெருவில் செல்வோர் படிக்கக்கூடிய வகையில், வெளிர்நீல நிறத் தாளில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். எத்தனை மணி வரை மது ஊற்ற விரும்புகிறார் என்பது அதில் இருக்கும். அது 28 நாள் அங்கே இருக்கும். அதற்குள் எவரும் தம் கருத்தை மன்றத்துக்கு எழுதலாம். பக்கத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் 2012இல் நீக்கப்பட்டுவிட்டது. குடிக்க வருபவர் அந்தத் தாளை நின்று படிப்பது அரிது. காலையில் பால் வாங்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அவ்வழியே செல்பவர்தாம் அதைப் படித்து, வீடு திரும்பியதும் எழுதுகோலை எடுக்கிறார்கள்.